டீச்சர் கூட்டிப்போன கச்சேரி

ராயபுரத்தில் சத்தத்துக்கு ஓய்வே கிடையாது. விடிவதற்கு முன்பே காசிமேட்டில் விசைப்படகுகள் உறும ஆரம்பித்துவிடும். பிறகு யார்டில் கூட்ஸ் வண்டிகள் மோதிக்கொள்ளும், துறைமுகத்தில் கப்பல் ஊதும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் பேசித்தான் பழக்கம்.

பக்கத்துத் தெருவில் ஆங்கிலோ இந்திய டீச்சர் ஒருவர் பியானோ சொல்லிக்கொடுத்தார். கடல் காற்றில் கம்பிகள் துருப்பிடிக்குமென்று பியானோவுக்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டிருப்பார். மழைக்காலத்தில் மரத்தைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்காகவே அங்கே போய் உட்காருவேன். 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனின் சேர்ந்திசைக் குழுவில், ஹேண்டல் மானுவேல் நடத்திய நாட்களில், பாடியவர் அவர்.

ஒரு சனிக்கிழமை அம்மாவிடம் வந்தார்.

"புள்ளைய எக்மோர் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போறேன்மா. ராத்திரி நானே கொண்டாந்து வுட்டுர்றேன்."

"நீங்க கூட்டினு போனா நான் வேணான்னா சொல்லப்போறேன் டீச்சர்?"

பீச் ஸ்டேஷனில் வண்டி மாறி, எழும்பூரில் இறங்கி மியூசியம் தியேட்டருக்கு நடந்தோம். அரைவட்டமாகப் படிப்படியாக ஏறும் இருக்கைகள். மேடை நிறைய வயலின்கள், நடுவே கறுப்புப் பளபளப்பாக நீளமான பியானோ.

வாசித்தது பீத்தோவனின் நான்காவது பியானோ கான்சர்ட்டோ. இரண்டாம் பகுதியில் தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே குரலில் அதட்டின. பியானோ தணிந்து பதில் சொன்னது. மறுபடி அதட்டல், மறுபடி அதே தணிவு. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியவை தந்திகள்தான்.

"கேட்டியா கண்ணு, அது கத்தவே இல்ல பாரு" என்றார் டீச்சர், என் காதோரம்.

1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் இதைப் பீத்தோவனே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றினார் என்றும், அப்போதே அவருடைய செவி மங்கிக்கொண்டிருந்தது என்றும் பின்னாளில் படித்தேன். அந்தத் தணிந்த குரலின் மேல் மரியாதை இன்னும் கூடியது.

இரைச்சலில் வளரும் பிள்ளைக்கு இந்த இசை எட்டாது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரைச்சலில் வளர்ந்ததால்தான் தணிவின் வலு எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இன்று ஏ.ஆர்.ரஹ்மானின் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் கட்டணமின்றி வயலின் கற்கிறார்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை தெருவுக்கு ஒரு டீச்சர் வேண்டும்: பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டி, கையைப் பிடித்து ரயிலேற்றிக் கூட்டிப்போக.