வாலைக் கவ்விய பாம்பு
வரலாற்று வகுப்பில், தன் வாலைத் தானே கவ்விய பாம்பொன்றைக் கரும்பலகையில் வரைந்தோம். முன்வரிசைச் சிறுவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நகைத்திட வாய் எழவில்லை. அவன் வயதில் நாமும் அதையே செய்தவர்தாமே!

1922-இல் கண்டறியப்பட்ட எகிப்திய மன்னன் துத்தன்காமூன் கல்லறையில், பொன்வேய்ந்த பேழையொன்றில் இவ்வுருவம் உண்டு. வளைத்துக் காக்கும் பாம்பு அது. வடபுல நார்ஸ் மக்களுக்கோ, உலகைச் சுற்றிக் கிடக்கும் பகை! ஜெர்மானிய வேதியியல் அறிஞர் கெக்குலே, கனவில் கண்ட இப்பாம்பே பென்சீனின் வளைய அமைப்பை உணர்த்தியதென 1890-இல் உரைத்தார்; விழிப்புற்ற அறிவால் சோதிக்காமல் கனவை வெளியிடாதீர் எனவும் எச்சரித்தார்.

காவல், பகை, கணிப்பு! பாம்பு ஒன்றே, பொருள் மூன்று. பொருள் தந்தவன் மனிதன். தந்தவனே மண்டியிடலாமோ?

மறுநாள் அச்சிறுவனே அப்படத்தை வரைந்தான். கைகள் குவியவில்லை. “ஐயா, இது ஏன் வாலைக் கவ்வுகிறது?” என்றான். கேள்வி பிறந்துவிட்டது, அதுபோதும் நமக்கு!