பாதாளத்தில் ஒரு வெள்ளி வீதி

ஆபீஸ் வேலையாக லண்டன் போகிறவர்கள், கிடைக்கிற ஒரு லீவு நாளில் மெழுகு பொம்மைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். நான் சிபாரிசு செய்வது சான்சரி லேன். (ஞாயிறு மட்டும் போகாதீர்கள், லீவு!) அதே பெயருள்ள சுரங்க ரயில் ஸ்டேஷனிலிருந்து நடை தூரம்தான். சுற்றிலும் வக்கீல்கள் நடமாடும் ஏரியா. கட்டடத்துக்குள் நுழைந்ததும் மாடி ஏறக் கூடாது. படி இறங்க வேண்டும்.

கீழே நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் பேங்க் லாக்கர் ரூம் மாதிரி கனத்த இரும்புக் கதவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெள்ளிக் கடை! 1885-ல் வசதியானவர்கள் நகைநட்டு, பத்திரங்களைப் பூட்டி வைக்க வாடகைக்கு விட்ட அறைகள் இவை. பிறகு வெள்ளி வியாபாரிகள் சரக்கை வைக்க வந்து, அங்கேயே கடையும் விரித்துவிட்டார்கள். உலகப் போரில் மேலே இருந்த கட்டடம் குண்டுக்குப் பலி, பாதாளம் தப்பித்தது.

எனக்கு ராஜா காலத்து டீ பாட்டில் எல்லாம் ஆர்வமில்லை. 1950-லிருந்து 70-கள் வரை செய்த 'பார்' சாமான்கள்தான் குறி. ஒயின் கோப்பை, காக்டெயில் ஷேக்கர், ஐஸ் பக்கெட், பெக் அளக்கிற குட்டிக் கிண்ணம்... ("நீ குடிப்பியா?" என்று கேட்காதீர்கள். வெள்ளிக் குங்குமச்சிமிழ் சேர்க்கிற ஆம்பளைங்க இல்லையா?)

அந்தக் காலக் கோப்பைகளில் பூ, கொடி, சிங்கமுகம் எதுவும் கிடையாது. ஜெரால்ட் பென்னி என்பவர் கோப்பையின் மேல் மரப்பட்டை மாதிரி சொரசொரப்பைக் கொண்டுவந்தார். முனை சேதமான ஒரு சுத்தியல் தற்செயலாகப் பட்டதில் பிறந்த யோசனை என்பார்கள். கைரேகை தெரியாது என்பது இலவச லாபம். இன்னொருவர் ஸ்டூவர்ட் டெவ்லின். 1966-ல் வந்த ஆஸ்திரேலியக் காசுகளில் பிளாட்டிபஸையும் எக்கிட்னாவையும் வரைந்தவர் இவர்தான். மேலே வழவழ வெள்ளிக் கிண்ணம், கீழே பவழப்பாறை மாதிரி முலாம் பூசிய தண்டு. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது!

வாங்குமுன் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். நடக்கிற சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங். 1000-க்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டன். நங்கூரம் பர்மிங்ஹாம் (கடலே இல்லாத ஊர் ஸார் அது!). ஒற்றை எழுத்து, முத்திரை குத்திய வருஷம். 'ஈ.பி.என்.எஸ்.' என்றிருந்தால் வெறும் முலாம். வாங்கியபின் நம்மூர் வழக்கப்படி விபூதி போட்டுத் தேய்த்தீர்களோ, தங்க முலாம் போயே போச்சு.

நம்ம கடையில் பழைய வெள்ளியைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? தராசில் போடுவார்கள். செய்கூலி, சேதாரம் எல்லாம் காற்றோடு போச்சு. பாதாளத்தில் நேர் எதிர். செய்தவன் கைக்குத்தான் விலை, எடை அப்புறம். எடைக்கு விலை எகிறும்போதுதான் ஆபத்து. 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் ஏறக்குறைய 6 டாலர். டெக்ஸாஸின் ஹன்ட் சகோதரர்கள் வளைத்து வளைத்து வாங்கியதில் 1980 ஜனவரியில் 50 டாலரை எட்டிப் பிடித்தது. வீட்டு வீட்டுக்கு வெள்ளிச் சாமான்கள் உலைக்குப் போயின. மார்ச்சில் விலை சரிந்தது, உருகினது உருகினதுதான். 2025-ல் மறுபடி அந்த 50 டாலரையும் தாண்டியாச்சு.

ஒரு கடையில் ஐந்து டெவ்லின் கோப்பைகள் வரிசையாக நின்றன. விலை என் இரண்டு மாசச் சம்பளம் என்பதால், பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். "செட்டு என்றால் ஆறு இல்லையா?" என்றேன் கடைக்காரப் பெரியவரிடம்.

ஒரே வீட்டுச் சொத்தாம். பாகப்பிரிவினையில் ஆளுக்கொன்றாகப் போயிருக்கிறது. ஐந்து பேர் வைத்துக்கொண்டார்கள். ஆறாவது ஆள் 1980 ஜனவரியில் எடைக்குப் போட்டுவிட்டார்.

அதே வருஷ எழுத்தோடு ஒன்று எங்காவது ஏலத்துக்கு வருமா என்று பெரியவர் இன்னும் கேட்லாக் புரட்டுகிறார். ஐந்தைத் தனித்தனியாக விற்க மாட்டாராம்.