தொடுகோடும் லைட்ஹவுஸும்

போன வருஷம் மார்ச். செங்கல்பட்டு, எலும்பு வார்டு, நைட் டூட்டி. மாமல்லபுரம் மீனவர் குப்பத்துப் பையன், பத்தாவது. பைக்ல விழுந்து வலது மணிக்கட்டுல மாவுக்கட்டு. பப்ளிக் எக்ஸாமுக்குப் பத்தே நாள்.

சொல்வதை எழுத ஆள் வச்சுக்கலாம், சர்டிஃபிகேட் தர்றோம்னு சொன்னேன். அவன் பயம் வேற.

"தொடுகோடு வரையறத எப்படி சார் வாயால சொல்றது? புரியாம மனப்பாடம் பண்ணது."

ஒரு சீட்டுல வட்டம் போட்டேன். இது பூமி. வெளியில இந்தப் புள்ளி உங்க ஊர் லைட்ஹவுஸ் விளக்கு. வெளிச்சம் கடலை உரசிட்டுப் போற கோடுதான் தொடுகோடு.

தரையில உக்காந்திருந்த அப்பா சொன்னார்: "ஆமா சார். போட்ல போகப் போக வீட்டு லைட்டெல்லாம் முதல்ல முழுகிடும். அது மட்டும் கடைசி வரைக்கும் தெரியும்."

விளக்கு 25 மீட்டர் உயரம்னு வச்சுப்போம், அதாவது 0.025 கிமீ. பூமியோட விட்டம் சுமார் 12,742 கிமீ. பெருக்கினா 318.6. வர்க்கமூலம் கிட்டத்தட்ட 17.8 கிமீ. (காத்துல ஒளி கொஞ்சம் வளையும், நிஜத்துல இன்னும் சித்த தூரம் தெரியும்.) கரையில நிக்கிற நம்ம கண்ணுக்கு நாலரை கிமீதான்.

"அதான் லைட்ஹவுஸ் வர்றதுக்கு முன்னாடி பாறை மேல ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் உச்சியில விளக்கு வச்சாங்களா சார்?"

அதேதான்டா.

இப்ப நீ சொல்லு, நான் வரையறேன்னேன்.

"மையத்தையும் லைட்ஹவுஸையும் சேருங்க. நடுப்புள்ளி எடுங்க. அங்க காம்பஸ் ஊனி, ரெண்டு வழியாவும் போற மாதிரி இன்னொரு வட்டம். ரெண்டு வட்டமும் வெட்டுற இடம்தான் தொடுபுள்ளி."

ஏன்?

கொஞ்ச நேரம் மாவுக்கட்டையே பாத்துட்டிருந்தான். "அரைவட்டத்துல கோணம் 90 சார். ஆரமும் தொடுகோடும் 90தானே!"

அப்பாவுக்கு எதுவும் புரியல. ஆனா சீட்டை வாங்கி மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டார்.