மூடுறதுக்கு முன்ன தட்டிப் பாருங்க

எப்பவும் கோயில் வேலை பத்தியே எழுதுவோம். இன்னிக்கு வீட்டு வேலை.

புக்கிட் ரோத்தான்ல எங்களோடது பழைய பலகை வீடு. தரை கறுத்துப் போச்சு. தீபாவளிக்குள்ள அது மேலயே கிளிக் வினைல் போட்டுடலாம்னு முடிவு பண்ணோம். அம்மா மட்டும், "சாமி மேடை பக்கம் கால் வச்சா அமுங்குதுய்யா, பார்த்துட்டு மூடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாங்க காதுல வாங்கல. ஆள் வந்த அன்னிக்கு அங்கேயே உட்கார்ந்துட்டாங்க, எழுந்திருக்கவே இல்ல.

சரின்னு பலகையைப் பேர்த்தோம். மேல செங்கால் மரம், கல்லு மாதிரி இருக்கு. அடியில தாங்குற மெராந்தி சட்டத்தைக் கரையான் பாதி தின்னுடுச்சு! தினம் அம்மா விளக்கேத்தி நிக்கிற இடம் அது. நெஞ்சு பதறிடுச்சு.

சட்டத்தை மாத்தி, மருந்தடிச்சு, ஆடுற பலகைக்கு ஸ்க்ரூ முடுக்கி, மேடு பள்ளத்தைச் சமமாக்கினோம். அப்புறம்தான் வினைல். வெயில்ல விரியும்னு சுவரோரம் கால் அங்குலம் விட்டோம். பசை போடல, வேணும்னா கழற்றிடலாம், அம்மாவோட பலகை கீழ அப்படியே இருக்கும். வீட்டுக்கு அடியில காத்து போற வழியையும் அடைக்கல; நம்ம ஊர் ஈரத்துக்கு அது முக்கியம்.

செலவு கூடிடுச்சு, தீபாவளியும் தாண்டிடுச்சு. பரவாயில்ல.

கும்பாபிஷேகத்துக்கு முன்ன, வெடிப்பை அடைக்காம கோபுரத்துக்குச் சாயம் பூச விடுவோமா? வீட்டுல மட்டும் அதை மறந்துட்டோம். பெரியவங்க சொன்னா ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.