ரத்தோட்டை ஏற்றத்தில் எரிந்த மஞ்சள் விளக்கு

ஏ9 வீதியில் கண்டிப் பக்கம் வந்துபோகும் சகோதரிகள் மாத்தளையைப் பஸ் யன்னலால் பார்த்திருப்பீர்கள். தம்புள்ளை, நாவுல, நாலந்தா என்று கடந்து வர வெக்கை குறையும். வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பலகைகள் தெரியும். நகரத்துக்குள் நுழைந்தால் முத்துமாரியம்மன் கோயில் கோபுரம். மாசி மகத்துக்கு அங்கே ஐந்து தேர் ஓடும். இறங்கி நின்று பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

அன்று கிளிநொச்சி பஸ்ஸிலிருந்து இறங்கினவர் எங்கள் குழுவொன்றில் உள்ள ஓர் அக்கா. அவருடைய தாயார் ரத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி, கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறியவர். அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் வன்னியில் ஏராளம். அக்கா 1979 இல் அங்கேதான் பிறந்தார். 2009 இல் கணவரை இழந்தார். தாயாரும் காலமான பிறகு, "அம்மா பிறந்த இடத்தை ஒருக்காப் பாக்கோணும் மிஸ்" என்று என்னிடம் கேட்டிருந்தார். இரவு பஸ்ஸில் திரும்ப வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு பகல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் கொலராவிலும் இறந்தவர்கள் பலர். அவர்களின் வழிவந்தவர்கள் வடக்கே திரும்பி ஓடியதைப் பல்கலைக்கழகத்தில் 'இடப்பெயர்வு' என்று ஒரே சொல்லில் படித்துப் பரீட்சை எழுதினேன். அக்காவோடு அந்த வீதியில் போகும்போது அந்தச் சொல் போதவில்லை.

நான் ஓட்டியது முப்பது வருடப் பழைய ஜப்பான் கார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் இப்படிப்பட்ட கார்களுக்குக் கிழவயதிலும் ஓய்வு கிடைக்கவில்லை. மாத்தளையில் புறப்படும்போது எரிபொருள் முள் கால்வாசிக்கு மேல் நின்றது. போய் வரத் தாராளம் என்று நினைத்தேன்.

ரத்தோட்டையைத் தாண்டி, பம்பரகிரி எல்ல நீர்வீழ்ச்சிப் பக்கமும் கடந்து வளைவுகளில் ஏறத் தொடங்கினோம். ஒரு பக்கம் மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், மற்றப் பக்கம் பள்ளம். ஒரு கொண்டை வளைவில் பெற்றோல் பம்பு வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது. சமதரையில் அணைந்தது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி எரிந்தது. முள்ளோ கால்வாசியை விட்டு அசையவில்லை.

முள்ளை நம்புவதா, விளக்கை நம்புவதா? பழைய கார், வயர் எங்கோ தொடுபடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நேரம் போகிறதே என்ற அவசரம்தான் அப்படி நினைக்க வைத்தது. தோட்டத்துக்கு இன்னும் ஏழெட்டுக் கிலோமீற்றர் இருந்தது. அதற்கு மேலே பாதை ரிவர்ஸ்டனுக்கு ஏறி, இலுக்கும்புர பக்கம் இறங்கும். பனி மூடினால் முன்னால் போகும் வாகனமே தெரியாத இடம்.

அக்கா சொன்னார்: "நிப்பாட்டுங்கோ மிஸ், தட்டிப் பாப்பம்."

சமதரையாகப் பார்த்து நிறுத்தினேன். அவர் பின்பக்கம் குனிந்து, சூடான சைலன்சரில் கை படாமல், டாங்கியின் பக்கத்தை மேலிருந்து கீழாக விரல் மொழியால் தட்டிக்கொண்டே போனார். எண்ணெய் நிற்கிற மட்டத்தில் சத்தம் மந்தமாகும். இங்கே அடி விளிம்பு வரையும் வெறும் தகரச் சத்தம். "கால்வாசி இல்லை மிஸ். அடியிலதான் கிடக்கு."

எங்கே பழகினீர்கள் என்று நான் கேட்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்களிடம் அதைக் கேட்கத் தேவையில்லை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின் கார்களும், ஜாம் போத்தல் விளக்கும் உங்களுக்குத் தெரியும். அவருடைய கணவர் மோட்டார் சைக்கிள் திருத்துபவர். 2022 நடுப்பகுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயாகி, கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தபோது நாடே வரிசையில் நின்றது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே வன்னிப் பெண்கள் துளிக் கணக்குப் பார்த்தவர்கள்.

"அப்ப என்னக்கா செய்வம்?" என்றேன்.

கொஞ்ச நேரம் மேலே மலையைப் பார்த்தார். "திருப்புங்கோ. அம்மா நாப்பது வருசத்துக்கு மேல பொறுத்தவா. நான் ஒரு மணித்தியாலம் பொறுக்க மாட்டனா?"

திருப்பினேன். இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் பிடிப்பதாக நினைத்து என்ஜினை நிறுத்தி உருளவிடுபவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி போய்விடும், பவர் ஸ்டியரிங் என்றால் அதுவும் இறுகிவிடும். சின்னக் கியரில், அக்சிலேட்டரில் கால் வைக்காமல் இறங்கினேன். ரத்தோட்டை செட்டில், ஐம்பது லீற்றர் டாங்கிக்கு நாற்பத்தேழு லீற்றர் பிடித்தது. மேலே போயிருந்தால் இருட்டில் எந்த வளைவில் நின்றிருப்போமோ.

மறுபடி ஏறினோம். தோட்டத்தில் பழைய லயம் இல்லை, அந்த இடத்தில் வேறு வீடுகள். கோயிலும் அதன் பக்கத்து மரமும் மட்டும் தாயார் சொன்ன மாதிரியே இருந்தன. ஒரு வயதான அம்மா தேத்தண்ணி தந்தார். அக்காவின் பாட்டியின் பெயரைச் சொன்னதும், "பெரட்டுக்கு மொத ஆளா வந்து நிக்குமே, அந்தப் பொம்பள பேத்தியா நீ?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தது அரை மணித்தியாலம்தான். புறப்படும்போது அக்கா ஒரு மிளகுக் கொடித் துண்டை ஈரத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார். கிளிநொச்சி வெயிலுக்கு அது பிடிக்குமா என்பது எனக்குச் சந்தேகம். சொல்லவில்லை.

மறுநாள் மாத்தளைக் கராஜில் பாஸ் பின் சீற்றைத் தூக்கி, மூடியைக் கழற்றிக் காட்டினார். முள்ளுக்கு வேலை கொடுப்பது டாங்கிக்குள் இருக்கும் மிதவை. எண்ணெய் குறைய அது தாழும். எங்கள் காரில் மிதவையின் கை தேய்ந்து கால்வாசியில் சிக்கிவிட்டது. விளக்குக்கு வேலை கொடுப்பது வேறொரு சின்னத் துண்டு. எண்ணெயில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருக்கும். எண்ணெய் இறங்கி வெளியே தெரிந்தால், தன்னில் ஓடும் மின்சாரத்தாலேயே சூடாகி விளக்கை எரியவிடும். ஏற்றத்தில் எண்ணெய் ஒரு பக்கம் ஓடுவதால்தான் எரிந்து எரிந்து அணைந்தது. எல்லாக் காரிலும் இப்படியே இருக்காது என்றும் சொன்னார்.

டாங்கி நிறைய இருக்கும்போதும் விளக்கு அணையாவிட்டால்தான் அந்தத் துண்டையோ வயரையோ சந்தேகிக்க வேண்டுமாம். சாவியைத் திருப்பியதும் ஒருமுறை எரிந்து அணைவது பல கார்களில் உள்ள ஏற்பாடு. அதுவும் எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம். "எரியிறது தொந்தரவுன்னு கறுப்பு டேப் ஒட்டிட்டு வர்றவங்களும் இருக்காங்க மிஸ்" என்று சிரித்தார். டாங்கியைத் திறப்பது வீட்டில் செய்யும் வேலை அல்ல. பெற்றோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால், எண்ணெயால் குளிரும் பம்பு டாங்கிக்குள்ளேயே சூடேறிக் கெட்டுப்போகும். அதன் விலையைக் கேட்டபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது.

இப்போது காரில் ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். டாங்கியை நிரப்பும் நாளில் கிலோமீற்றரை எழுதுவேன், விளக்கு எரியும் இடத்தில் மறுபடி எழுதுவேன். முள் பொய் சொன்னாலும் அந்தக் கணக்கு இருக்கும். ஓட்டோ ஓட்டும் சகோதரிகளுக்கு விளக்கு இல்லாவிட்டாலும் 'ரிசேர்வ்' திருகி இருக்கும். எண்ணெய் அடித்ததும் அதைப் பழையபடி திருப்பி வைக்க மறந்தால் அடுத்த முறை கைகொடுக்க ஒன்றும் இராது.

இரண்டு கிழமை கழித்து அக்கா கோல் எடுத்தார். மிளகுக் கொடியில் ஒரு தளிர் விட்டிருக்கிறதாம். அதைச் சொல்லுமுன் அவர் கேட்டது, "மிஸ், அந்த முள்ளு சரிவந்திட்டுதோ?"