சந்தை போல ஒரு சாப்பாட்டுக் கடை

வெளிநாட்டில் தொழில் செய்யும் பிள்ளைகளைப் பார்த்து வருவோர் நம்மில் பெருகிவிட்டனர். பிள்ளைகள் ஆசையோடு வெளியே சாப்பிட அழைத்துப் போவார்கள். அத்தகைய கடைகளில் ஒரு வகையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

1948இல் சூரிக் நகரில் தொடங்கிய மோவன்பிக் என்ற சுவிஸ் நிறுவனத்தார், பிற்காலத்தில் 'மார்ஷே' என்ற பெயரில் ஒரு புது மாதிரி உணவகத்தை நடத்தினார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்குச் சந்தை என்று பொருள். வாசலில் ஆளுக்கோர் அட்டை தருவார்கள். மரக்கறிக்கு ஓரிடம், ரொட்டிக்கு ஓரிடம், இறைச்சி வாட்ட ஓரிடம். நாமே போய்க் கேட்டால் கண்முன்னே சமைத்துத் தந்து அட்டையில் பதிவார்கள். வெளியேறும்போதுதான் பணம்.

2012 டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூர் போயிருந்தோம். அங்கு வேலை செய்யும் என் சகோதரியின் மகன், ஒரு கடைத்தொகுதியில் இருந்த இந்த வகைக் கடைக்கு எங்களைக் கூட்டிச் சென்றார். "மாமா, பன்றி இறைச்சிப் பக்கம் போகாமல் மற்றதை எடுத்தால் சரிதானே?" என்றார்.

என் மகள் நேரே ஒரு பெரிய இரும்புத் தட்டின் முன் போய் நின்றுவிட்டாள். துருவிய உருளைக்கிழங்கைப் பரப்பி இரு பக்கமும் பொன்னிறமாகப் பொரித்துக் கொண்டிருந்தார்கள். 'ரோஸ்டி' என்று பெயர். பெர்ன் பகுதி விவசாயிகளின் பழைய காலை உணவு. கிழங்குதானே, இதில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தோன்றும். ஆங்கிலம் படிப்பிக்கும் என் மனைவி, சமைத்த இளைஞரிடம் பணிவாகக் கேட்டார்: "தம்பி, இந்தத் தட்டில் வேறென்ன பொரிப்பீர்கள்?" அவர் ஒளிக்கவில்லை. சற்று முன் பன்றி இறைச்சித் துண்டுகளைப் பொரித்ததும் அதிலேதான் என்றார்.

மருமகனின் முகம் வாடிவிட்டது. எத்தனையோ தடவை அங்கு வந்து அதைச் சாப்பிட்டவர் அவர். "தெரியாமல் நடந்தது போகட்டும் மகன், இனிமேல் கேளுங்க" என்று மாமி சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

மீன், காளான் என்றாலும் கேட்கத்தான் வேண்டும். ஐரோப்பியச் சமையலில் வெள்ளை வைனைக் குழம்பில் ஊற்றுவது வழக்கம். உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்து உண்ணும் சுவிஸ் 'ஃபொண்டு'விலும் அது உண்டு. கொதித்தால் ஆவியாகிவிடும் என்பார்கள், முழுவதும் போவதில்லை. கேட்க வெட்கப்படும் சகோதரிகளுக்கு இந்த மாதிரிக் கடை ஒரு வகையில் வசதிதான். சமைப்பவர் குசினிக்குள் மறைந்திருக்காமல் எதிரே நிற்கிறாரே! சிங்கப்பூரில் இன்னொரு வழியும் உண்டு. அங்குள்ள இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. அது தொங்கும் கடைகள் ஏராளம்.

நாங்கள் பழங்களும் தோடம்பழச் சாறும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தோம். சுற்றிலும் பார்த்தேன். தாய் ஒரு பக்கம், தந்தை ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று அட்டையோடு திரிந்தார்கள். கடைசி ஆள் வந்து உட்காரும்போது முதல் ஆளின் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து பழகிய எனக்கு அது விநோதமாகவே இருந்தது. அட்டை கையிலிருந்தால் செலவும் தெரிவதில்லை. மேசைகளில் பாதி உண்டு மீந்த உணவு கிடந்தது.

மகளின் முகம் மட்டும் தெளியவில்லை. அன்றிரவே மருமகனின் வீட்டில் என் மனைவி கிழங்கை அரை அவியலாக அவித்து ஆறவைத்தார். மறுநாள் காலை தோலுரித்து, பெரிதாகத் துருவி, உப்புத் தூவி, பட்டர் உருகிய தாச்சியில் கனமாகப் பரப்பி, மெல்லிய நெருப்பில் வைத்தார். அடி சிவந்ததும் ஒரு பீங்கானால் மூடிக் கவிழ்த்து மறுபக்கம் பொரித்தார். முட்டையோ மாவோ சேர்க்கவில்லை. கிழங்கின் பசையே பிடித்துக்கொள்கிறது. அந்த ஒரே பீங்கானைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தோம். மருமகன்தான் கூடச் சாப்பிட்டார்.