கனிந்த முதுமை

ஆண்டு ஏறுவது இயற்கை. அகம் கனிவது அருமை. மாங்காய் பழுத்தும் நிறம் மாறும், வெம்பியும் நிறம் மாறும். நிறத்தை மட்டும் கண்டு இரண்டும் ஒன்றெனக் கொள்ளலாமா? நரைத்த தலைகளைப் பற்றியும் இவ்வாறே கேட்கத் தோன்றுகிறது.

கிறிஸ்தவ மறை இதை நன்கு உணர்ந்திருக்கிறது. தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் முதிய ஆடவர்க்கென்றே தனி அறிவுரை உண்டு. விசுவாசத்தோடும் அன்போடும் பொறுமையும் அவர்களிடம் வேண்டப்படுகிறது. நரையே பொறுமையைத் தந்துவிடுமாயின் அறிவுரை எதற்கு?

நம் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியனின் நூலைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது 67. இடையே ஓடியவை 36 ஆண்டுகள்! இளமையில் கற்ற கம்பனை அவர் எறிந்துவிடவில்லை. தம் புதிய நம்பிக்கைக்கே அந்தச் செல்வத்தை ஈந்தார். தனக்கெனச் சேர்த்ததைப் பிறர்க்கென விடுவதே கனிவு என்று நான் கருதுவது இதனால்தான்.

கவிஞர்க்கு மட்டுமா இது கூடும்? என் தாத்தா புலவரல்லர். பாளையங்கோட்டைக்கு அடுத்த சிற்றூர்ச் சபையில் நெடுங்காலம் கீர்த்தனை எடுத்துக் கொடுத்தவர். எவனேனும் தாளம் பிசகினால் ஆராதனை முடிந்ததும் வசவு நிச்சயம்! எண்பதை எட்டியபோது அவர் குரல் நடுங்கத் தொடங்கியது. அதைச் சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை. ஒரு ஞாயிறன்று அவரே, இராகமும் தாளமும் தம் கையால் குறித்து வைத்திருந்த பாட்டுப் புத்தகத்தை, தாம் அதிகம் வைத இளைஞனிடமே கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் அமர்ந்தார்.

“வருத்தமில்லையா தாத்தா?” என்றேன்.

“இல்லாம இருக்குமாலே? இன்னிக்கும் அவன் தப்பாத்தான் எடுத்தான். முன்னாடின்னா வைதிருப்பேன். இப்ப அவனுக்காக ஜெபம் பண்ணுதேன்.”

வருத்தம் போகவில்லை, வசவுதான் ஜெபமாயிற்று. கட்டளையிட்டே பழகிய ஆடவர்க்கு இதனினும் கடினமான தவம் உண்டோ? சபைப் பதவியை இறுதி மூச்சுவரை இறுகப் பற்றும் பெரியவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கும் வேதம் மனப்பாடம். ஆனால் கை விரியவில்லை. ஆகவே உள்ளமும் விரியவில்லை.

இருபது வயதினர் நமக்கு இதெல்லாம் எதற்கு என்பீர்கள். நண்பர்களே, பூவில் இல்லாதது கனியில் வருமா? தாயகம் விட்டு வந்த இந்த வடபுலத்துப் பல்கலைக்கழகத்திலும் நமக்கொரு சங்கம், அதற்கொரு செயலாளர் நாற்காலி, ஆண்டுதோறும் அதற்கொரு போர்! அடுத்த தேர்தலில் அந்த நாற்காலியை முகமலர்ச்சியோடு இளையவர்க்கு விட்டுக் கொடுத்துப் பழகுவோம். முதுமைக்கு அதுவே முதற்பாடம்.